ஒதுங்கியவர்கள்

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நாங்கள், அலைந்து திரிந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் வந்து ஒதுங்கினோம். பிறகு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, வீட்டுக்காரர், அவரும் தமிழர்தான், "நீங்கள் வந்தான் வரத்தான்கள், எப்ப வெளிக்கிடுவீங்களோ தெரியாது" என்று கதவைச் சாத்தினார். அந்தச் சொல் நெடுங்காலம் என்னைச் சுட்டது.

அதற்கு மறுமொழி கிடைத்தது கனடாவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில். மகளைப் பார்க்க ஒரு பெப்ரவரியில் ஸ்காபரோ போயிருந்தேன். ஏரி முழுக்க உறைந்திருக்கும் என்று நினைத்தேன். நடு ஏரி கறுப்பாய் அசைந்துகொண்டிருந்தது. கரையில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஐஸ் குவியல்.

"கிட்டப் போகாதேங்கோ அம்மா, உள்ளுக்கு வெறும் பொந்தாய் இருக்கும்" என்றாள் மகள்.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் ஆகக் கனம். குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். 244 மீற்றர் வரை ஆழமான அந்த ஏரி அதனால் லேசில் உறையாது. ஆழமில்லாத ஓரம் முதலில் உறையும். அலை அதை உடைக்க, துண்டுகள் ஒன்றோடொன்று இடிபட்டு, விளிம்பு உயர்ந்து அப்பம்போல வட்டமாகும். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளும், அலை ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றும், தெறிக்கும் நீர் இடையில் உறைந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடும்.

ஒரு கட்டிக்குள் கொஞ்ச மணலும் ஒரு காய்ந்த இலையும் தெரிந்தன. எந்தக் கரையில் கிளம்பியதோ! அந்நேரம் பெரிய அலையொன்று வந்து குவியலில் மோதிச் சிதறியது. பின்னாலிருந்த மணல் நனையவே இல்லை. மாரிப் புயல்களில் கரையை அரிக்க வரும் அடியை, வந்து ஒதுங்கிய அந்த ஐஸ்தான் வாங்கிக்கொள்கிறது.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் மெரைன் டிரைவ் ஓரம் ரயில் பாதைக்குக் காவலாய்க் கிடக்கும் பாறைகளைப் புதிதாய்ப் பார்த்தேன். அவையும் வேறெங்கோ உடைத்து, ஏற்றிவந்து போட்டவைதான். காலி வீதியில் விடிய முன்னம் கடை திறப்பவர்களில், ட்யூஷன் கொடுப்பவர்களில், கோவிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குபவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு கலவரமோ போரோ தள்ளிவிட வந்தவர்கள்! அப்படியிருந்தும் 2007 ஜூன் 7 அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. இடைப்பட்ட அந்த இரவு, உடுப்புப் பையைக் கட்டி மடியில் வைத்தபடி நாங்கள் விழித்திருந்தோம்.

வெயில் ஏற அந்த ஐஸ் உருகிப் போகும். நானும் ஒருநாள் போவேன். இருக்கும்வரை இந்தக் கரைக்கு விழும் அடியில் என் பங்கைத் தாங்கினேன் என்றால், இது என் ஊர்தான்.

போன கிழமை எங்கள் மாடிக்குப் புதிதாய் ஒரு குடும்பம் வந்தது. "எந்த ஊர்?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தண்ணீர் மோட்டர் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.