நான்காம் சுவிசேஷமும் இராமானுஜரும்

கோயம்புத்தூர்த் திருமண்டலத்துக்கு 1950இல் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி, அதற்கு வெகுகாலம் முன்பே, யோவான் சுவிசேஷத்தின் ஞானானுபவத்தைப் பக்தி இலக்கியத்தோடு ஒப்புநோக்கி ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்தவர். அச்சுவிசேஷத்தின் முகவுரை போற்றும் ‘வார்த்தை’ எனும் லோகோஸைப் பிரபஞ்சமெங்கும் ஊடுருவி நின்று ஒழுங்குபடுத்தும் அறிவாக ஸ்டோயிக்கர் கண்டிருக்க, இறைவனுக்கும் சிருஷ்டிக்கும் இடைநின்ற சக்தியாக அலெக்ஸாந்திரியாவின் யூத ஞானி பைலோ விவரித்திருக்க, அவ்விருசாராரும் எண்ணியும் பாராத வண்ணம், அது மானிட தேகம் தாங்கியதென யோவான் துணிந்துரைத்தார். 1927இல் வெளியான தம் நூலில் அப்பாசாமியோ, பிதாவும் குமாரனும் ஒன்றென்பதை அத்வைத ஐக்கியமாக அன்றி, அன்பினாலும் சித்தத்தினாலும் ஆன ஒருமைப்பாடாகவே கொண்டு, இராமானுஜர் வழியில் விளக்கினார். பைலோ சுவிசேஷகாலத்தை ஒட்டியவர், இராமானுஜரோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியவர். ஆகவே முன்னவர் சரித்திரச் சான்று, பின்னவர் வியாக்கியானத் துணை என்னும் பேதத்தை அப்பாசாமி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.