பயன் கருதிய நன்மை அறமாகுமா?

நன்மை செய்கிறவர் அதனால் தாமும் பயனடைவாரானால், அச்செயலை அறம் எனலாமா? அல்லது அது வெறும் கொடுக்கல் வாங்கல்தானா? அறநெறியாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவை நம் செங்கற்பட்டுச் சீமையின் ஏரி ஒன்றை முன்வைத்துச் சிந்திப்போம்.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக்கு மேற்கே, மதுராந்தகத்தை அடுத்துள்ளது வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள அவ்வேரியின் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உழவர் கண்டறிந்தனர். வெள்ளையர் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் புகலிடமான ஏரி, 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

நட்பைப் பயன் பற்றியது, இன்பம் பற்றியது, நற்பண்பு பற்றியது என அரிஸ்டாட்டில் மூவகைப்படுத்தினார். பயன் தீர்ந்ததும் முதல்வகை நட்பும் தீர்ந்துவிடும் என்பது அவர் கருத்து. உழவரின் பறவை நட்பு அவ்வகையைச் சேர்ந்ததுதானோ?

இங்கேதான் காட்டு வாத்துகளை எண்ணிப் பார்க்கவேண்டும். நீலச்சிறகி அரைக் கிலோ எடைகூட இல்லாத சிறு வாத்து. வட ஆசியச் சதுப்புநிலங்களில் இனம் பெருக்கும். கோடையில் தன் பறக்கும் இறகுகளை ஒருசேர உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் பறக்க இயலாமல் நாணலுக்குள் ஒளிந்திருக்கும். புதிய இறகு முளைத்தபின் தெற்கு நோக்கிப் புறப்பட்டு நம் ஏரிகளை அடையும். ஊசிவால் வாத்தும் குளிர்கால விருந்தாளியே. இவை இங்கே கூடு கட்டுவதில்லை. பகலில் நீரில் இளைப்பாறி, இரவில் வயல்களில் இரைதேடும், நெல்லையும் விட்டுவைப்பதில்லை. கூடு கட்டும் பறவைகள் தரும் உரத்தோடு ஒப்பிட்டால் இவற்றால் விளையும் பயன் சிறிது. ஆயினும் நாரைக்குக் கிடைத்த அடைக்கலம் வாத்துக்கும் கிடைத்தது.

வாத்தைச் சுட்டால் நாரையும் கலைந்துவிடும் என்பதால் விட்டுவைத்தனர் என ஒருவர் வாதிடலாம். தொடக்கத்தில் அவ்வாறும் இருந்திருக்கலாம். ஆனால் இன்று உரம் கடையிலேயே கிடைக்கிறது. எச்சத்தின் தேவை குறைந்துவிட்டது. அப்படியிருந்தும் சுற்றியுள்ள ஊரார் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். பயனுக்காகத் தொடங்கிய செயல், தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகியதில் பண்பாகிவிட்டது. நற்பண்பு செய்து பழகுவதால் உருவாகிறது என்று அரிஸ்டாட்டிலும், அவரைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாசும் கற்பித்தது இதுவே.

ஆகவே, கலப்பற்ற நோக்கம் வாய்க்கும்வரை நன்மை செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் நன்மையில் பயன் கலந்திருக்கக் கண்டு ஏளனம் செய்யவும் வேண்டாம். ஆனால் ஒரு சோதனை எஞ்சி நிற்கிறது. உழைத்துக் கொடுத்த பெற்றோரை உவந்து பேணினோம். இன்று அவர்கள் படுக்கையில் கிடக்கிறார்கள்; கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லை, கேட்கவோ நிறைய உண்டு. நம் அன்பு கொடுக்கல் வாங்கலா, அறமா என்பதை அந்நாள்களே நமக்குக் காட்டும்.