சத்திரக்காரன்

எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்து, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்த சமாரியனை, லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தைப் படித்த எவரும் மறவார். ஆயின், இரண்டு காசை மட்டும் பெற்றுக்கொண்டு, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்ன அந்த அந்நிய ஜாதியானின் வாக்கை நம்பவேண்டியிருந்த சத்திரக்காரனை நினைப்பார் சிலரே. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த தெருக்களில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இரும்பாலைகளின் அனலில் உழைக்கும் இளைஞர்களுக்குச் சம்பளத் தேதிவரை அரிசியும் பருப்பும் கடுகெண்ணெயும் கடனாகக் கொடுத்து, பெயர் வாயில் நுழையாமற் போகவே நோட்டில் ஏதோ ஓர் அடையாளமிட்டுக் கணக்கெழுதும் மளிகைக்கடைக்காரர், கிறிஸ்தவராயினும் அல்லராயினும், அந்தச் சத்திரக்காரனின் வம்சத்தவரே. பாஷை விளங்கிய பிறகு சிநேகம் தானே வரும் என்று காத்திருப்பது ஒருவகைச் சோம்பல். கணக்குத் தீர்க்கவேண்டிய அவசியத்தில் பாஷையே சிறிது வந்துவிடுகிறது. பிறனை நேசிக்கச் சொல்லும் கிறிஸ்துவின் உபதேசம் முதலிற் கேட்பது செலவையும் ஜாமீனையுமே. அந்த உவமையில் வரும் காயம்பட்டவன், சமாரியன், சத்திரக்காரன் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள் என்று ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை.