கையுறையும் கருணையும்

கையில் ஏந்தும் கருவி மென்மையாகிவிட்டால், அதனைக் கொண்டு செய்யும் செயலும் மென்மையாகிவிடுமா? குத்துச்சண்டையின் வரலாற்றைப் படிப்போர் இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது.

கி.மு. 688இல் கிரேக்கரின் ஒலிம்பிக் விழாவில் இச்சண்டை சேர்க்கப்பட்டது. அக்கால வீரர்கள் கைகளில் தோல்வார்களைச் சுற்றிக்கொண்டனர். பின்வந்த உரோமர் அத்தோலில் உலோகத்தைப் பதித்து, மனிதர் மடிவதைக் கண்டு களித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ வெறுங்கையே ஆயுதம். 1743இல் ஜாக் பிராட்டன் என்பார், விழுந்தவனை அடிக்கலாகாது என்பது முதலான விதிகளை வகுத்தார். அடைப்பு வைத்த உறைகளைப் பயிற்சிக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. தம்மிடம் பயில வந்த சீமான்களின் முகம் சிதைந்துவிடலாகாதே என்பது அவர் கவலை. பணம் கொடுத்துப் பயின்றவன் முகத்திற்கு உறை; பணத்திற்காக மோதியவன் முகத்திற்கு வெறும் முஷ்டி! 1867இல் குயின்ஸ்பரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகளே கையுறையைக் கட்டாயமாக்கின. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் எழப் பத்து வினாடி என்னும் ஒழுங்குகளும் அவற்றில் வந்தவையே. அவற்றை எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். பிரபு ஈந்தது பெயரை மட்டுமே.

உலோகம் போய்த் தோல் வந்தது, தோலுக்குள் மெத்தை வந்தது என்று பார்த்தால், இது கருணை வளர்ந்த கதையாகவே தோன்றும். ஆனால் அந்த மெத்தை காப்பது எதை?

மனிதனின் கையில் 27 சிற்றெலும்புகள் உள்ளன. மண்டையோடோ உடலின் உறுதிமிக்க கோட்டை. வெறுங்கையால் நெற்றியில் ஓங்கிக் குத்துபவன் தன் விரலடி எலும்பையே முறித்துக்கொள்வான். ஆதலால் பழைய வீரர்கள் தலையை நோக்கிக் குத்துவதில் சிக்கனம் காட்டினர். கையுறை வந்ததும் அந்த இயற்கைத் தடை நீங்கிற்று. மெத்தை அடிப்பவன் கையைக் காத்தது. அடிபடுபவனின் தோல் கிழிவதையும் ஓரளவு குறைத்தது. மண்டைக்குள் மூளை குலுங்கித் திரும்புவதை அது தடுப்பதில்லை. குருதி குறைந்ததால் காண்போரின் மனமும் அமைதியுற்றது.

வெறுங்கைக் காலத்தை நான் போற்றவில்லை. 1889இல் சல்லிவனும் கில்ரெயினும் 75 சுற்றுகள் மோதினர். வெறுங்கையால் பட்டம் தீர்மானிக்கப்பட்ட கடைசிப் பெருஞ்சண்டை அது. அக்காலத்திலும் களத்தில் மடிந்தோர் உண்டு. ஆயினும் நேற்றைய கொடுமை இன்றைய கொடுமைக்குச் சாட்சி சொல்ல வருதல் முறையன்று.

நமது ஃபிக்ஹு நூல்களில் கொலையின் வகைகளை ஆராயுமிடத்து இதற்கு நெருங்கிய ஒரு விவாதம் உண்டு. நிய்யத் உள்ளத்தில் மறைந்திருப்பது. அதனைக் காட்டும் சான்று கருவியே. கூரிய ஆயுதத்தால் கொன்றால் அது வேண்டுமென்றே செய்த கொலை என்றும், கனத்த கல்லாலோ கட்டையாலோ கொன்றால் அதனையொத்த வேறொரு வகை என்றும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பிரித்தார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் இருவரும் உடன்படவில்லை. வழக்கமாக உயிரைப் போக்கவல்லது எதுவோ, அதன் தோற்றம் எவ்வாறாயினும் அது ஆயுதமே என்றனர். கையுறையைக் காணும்போதெல்லாம் மாணவர்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. எதிராளியை நினைவிழக்கச் செய்வதையே முழு வெற்றியாகக் கொள்ளும் ஆட்டத்தில், மெத்தை நிய்யத்தை மறைக்கிறதேயன்றி மாற்றுவதில்லை.

1928இலேயே மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், பல்லாண்டுகள் தலையில் அடிபட்ட வீரர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் மருத்துவ இதழில் விவரித்தார். 1982இல் தென்கொரியாவின் டுக் கூ கிம் பதினான்காம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிர் துறந்தார். அதன் பின்னரே பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12 ஆகக் குறையலாயின. 12 சுற்று என்னும் கணக்கில் எந்த மருத்துவம் இருக்கிறது?

நம் இல்லங்களில் முஹம்மது அலீயின் பெயர் பெருமிதத்தோடு உச்சரிக்கப்பட்டது. 1980இல் அவர் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது திரண்ட கூட்டத்தை முதியோர் மறந்திரார். 1967இல் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்த அந்த நெஞ்சுரம் போற்றுதற்குரியது. 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது. அதற்குச் சண்டையே காரணமா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே அவர் நோயை வாதமாக எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அவரது பெருமையைச் சண்டையின் பெருமையாக்குவதும் அவ்வாறே தவறு.

இருவரும் இசைந்தே மோதுகின்றனர், பிறருக்கென்ன என்பர் சிலர். உடல் நமக்கு அமானிதம் என்று நம்புவோர்க்கு இசைவு மட்டும் போதாது. முகத்தில் அடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியுள்ளமை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. மக்காவின் ஃபிக்ஹு பேரவை 1987இல் இச்சண்டை கூடாதெனத் தீர்ப்பளித்தது. மணல் மூட்டையைக் குத்துவதும் கயிறு தாண்டுவதும் நல்ல உடற்பயிற்சிகளே. கேட்கும் பிள்ளைகளை அதற்குத் தடுக்க வேண்டியதில்லை.

தலைக்கவசத்தின் கதை இன்னும் விந்தையானது. 1984 முதல் ஒலிம்பிக்கில் கட்டாயமாயிருந்த அதனை, ஆடவர் போட்டிகளிலிருந்து 2013இல் அகில உலக அமெச்சூர் சங்கம் நீக்கியது. 2016இல் ரியோவில் ஆடவர் வெறுந்தலையோடு மோதினர். கவசம் அணிந்தவன் துணிந்து தலையை நீட்டுகிறான், அதனால் மூளைக்கு அதிர்ச்சி கூடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பெண்களோ அங்கும் கவசத்தோடுதான் களமிறங்கினர். இக்காரணம் கையுறைக்கும் அப்படியே பொருந்துமே என்று கேட்டால், உறையின்றிச் சில சுற்றுகளிலேயே கைகள் முறிந்து ஆட்டம் நின்றுபோகும் என்பர்.