சில இடங்களில்

விடிய ஐந்தரைக்குச் சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு, வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை வாசிப்பேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் அதில் ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வரும்: பிற்பகல் 2 மணிக்குப் பிறகு, சில இடங்களில், இடியுடன் கூடிய மழை பெய்யும் சாத்தியம். முள்ளியவளையில் எங்கள் கமக்கார அமைப்பின் வைபர் குழுவுக்கு அதை என் குரலில் சொல்லி அனுப்புவேன். இரண்டு மணிக்கு முன் வயலை விட்டு ஏறிவிடுங்கோ என்பேன்.

போன ஐப்பசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பதில் அனுப்பினார். "பிள்ளை, நீ சொல்லுறது சரி. ஆனா விதி வந்தா வீட்டுக்குள்ள இருந்தாலும் விடாது. கண்ணகி அம்மாளின்ர கணக்கை ஆர் மாத்திறது?"

அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவரோடு வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கேள்வி நாற்பது வருசத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது.

1979 ஐப்பசி. புழுதி விதைப்பு முடித்து, முதல் மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினான்கு. பின்னேரம் மூன்று மணிபோல மேற்கே கறுத்தது. வரம்பு கட்டிக்கொண்டு நின்ற அண்ணன், மண்வெட்டியும் கையுமாய் ஒற்றைப் பனைக்குக் கீழே ஒதுங்கினான். மழை இன்னும் தொடங்கவில்லை. ஒரே ஒரு மின்னல் வெட்டு. நாங்கள் ஓடிப்போனபோது ஏழெட்டு ஆண்கள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கிட்டப் போகவில்லை. "தொடாதேங்கோ, தொட்டவனையும் அடிக்கும்" என்றார் ஒருவர். "அம்மாள் எடுத்திட்டா" என்றார் இன்னொருவர். அம்மாதான் எல்லாரையும் விலக்கிக்கொண்டு போய் அவன் தலையை மடியில் வைத்தா.

ஏழு வருசம் கழித்து, ஆசிரியர் பயிற்சியில் நடந்த முதலுதவி வகுப்பில்தான் அந்த உண்மையைக் கேட்டேன். மின்னல் தாக்கிய உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. உடனே தொடலாம். மின்னல் பெரும்பாலும் இதயத்தை நிறுத்தித்தான் கொல்கிறது. அந்த நிமிடங்களிலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினால் சிலர் மீள்கிறார்கள். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அண்ணன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கால் மணித்தியாலம் எங்கள் கையில் இருந்தது, நாங்கள் அதை விதியின் கையில் கொடுத்துவிட்டு நின்றோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாளில் எனக்கு நம்பிக்கை குறைந்ததில்லை. வற்றாப்பளைப் பொங்கலையொட்டி, கடலில் எடுத்துவரும் உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்த்து உருகி நிற்கிறவள் நான். மதுரையை எரித்த கோபம் தணிய வந்த கண்ணகி, பத்தாவதாகத் தங்கிய இடம் எங்கள் நந்திக்கடலோரத்து வற்றாப்பளை என்பது ஊர் ஐதீகம். அந்த நம்பிக்கையில் நின்றுதான் கேட்கிறேன். மதுரையில் தீயை ஏவியபோது கண்ணகி அதற்குக் கட்டளை இட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது: முதியோரை விடு, குழந்தைகளை விடு, பசுவை விடு, அறவோரை விடு, தீயவர் பக்கமே போ. அந்தத் தீ ஆள்பார்த்து எரிந்த தீ. மின்னலுக்கு ஆள் தெரியாது. வெளியில் உயர்ந்து நிற்கிற ஒற்றைப் பனையில் இறங்கும். அடியில் நிற்கிற உடம்புக்குப் பாயும். நிலத்தில் பரவும்போது, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி கூடிய மாடுகளைக் கூட்டமாகச் சாய்க்கும். பசுவை விடச் சொன்ன தெய்வத்தின் கணக்கில், பசுவைக் கொல்லும் நெருப்பை எப்படி எழுதுவது? அண்ணன்மேல் விழுந்தது தண்டனை இல்லை என்பதற்கு என் அம்மாளே சாட்சி.

அந்த நெருப்பு பிறக்கும் வழி தெரிந்ததுதான். சூரியன் வடக்கே நகரும்போது, சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏப்ரல் 14 அளவில் வன்னியின் உச்சிக்கு நேரே வருகிறது. நிலம் கொதிக்கும். மேற்கே மன்னார்க் கடலுக்கும் கிழக்கே முல்லைத்தீவுக் கடலுக்கும் நடுவில் 100 கிலோமீற்றர்கூட இல்லை. பருவக்காற்று ஓய்ந்திருக்கும் இடைக்காலத்தில் இரண்டு பக்கத்துக் கடற்காற்றும் உள்ளே வந்து, காட்டின்மேல் முட்டி, ஈரத்தை மேலே தள்ளும். மத்தியானம் பஞ்சுப் பொதியாய்க் கிடந்த முகில், பின்னேரம் 15 கிலோமீற்றர் உயரத்துக்குக் கோபுரமாய் எழும். ஆனால் அதன் அகலம் ஒரு சில கிலோமீற்றர்தான், ஆயுள் ஒரு மணித்தியாலம் அளவுதான். கொதிக்கிற பானையில் முதல் குமிழி எந்த மூலையில் வரும் என்று சொல்ல ஏலாததுபோல, எந்த வயலின்மேல் என்று காலையில் சொல்ல ஏலாது. அதனால்தான் "சில இடங்களில்".

ஒரு பெரிய நாடு முழுவதற்கும் புயல் சொல்லுகிறவர்களும் இந்த எல்லையில்தான் நிற்கிறார்கள். அமெரிக்கச் சமவெளிகளில் மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கின் வரண்ட காற்றும் சந்திக்கும். உயரப் போகப் போக வேகமும் திசையும் மாறுகிற காற்று, முகிலைச் சுழற்றி மணிக்கணக்காக வாழவைக்கும். ஒக்லஹோமாவின் நோர்மன் நகரில் இருக்கிற புயல் முன்னறிவிப்பு நிலையம் அந்தச் சேர்க்கையை நாட்களுக்கு முன்பே கண்டு வரைபடத்தில் வட்டமிடும். அப்போதும் அது சொல்வது ஒரு வீதத்தைத்தான்: ஓர் இடத்தைச் சுற்றி 40 கிலோமீற்றருக்குள் கடும் புயல் வர நூற்றுக்கு 15, நூற்றுக்கு 30. முப்பது என்றால் பத்துத் தடவையில் ஏழு தடவை வராது. அந்த ஏழு தடவையும் அவர்கள் பொய் சொன்னதாகாது.

அப்படிச் சொல்லத் துணிய அங்கேயும் காலம் எடுத்தது. சுழல்காற்று வரும் என்றால் சனம் கலங்கும் என்று பயந்து, அரச வானிலை அறிக்கைகளில் அந்தச் சொல்லையே நெடுங்காலம் தவிர்த்தார்கள். 1948 மார்ச் 20இல் அதே ஒக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்தைச் சுழல்காற்று தாக்கியது. ஐந்து நாள் கழித்து அதே அறிகுறிகளைக் கண்ட ஃபோபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள், இன்றைக்கும் வரலாம் என்று அறிவித்தார்கள். அன்று மாலையே வந்தது. சொன்னதால் புயல் நிற்கவில்லை, கோபித்துக்கொண்டு பெருக்கவும் இல்லை. வந்தபோது தளத்தில் இருந்தவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

விதி என்ற சொல்லை நான் தூக்கி எறியவில்லை. கண்மூடும்வரை அம்மா, "ஏன் என்ர பிள்ளை?" என்று கேட்டா. அன்று மேற்கே கறுத்தது ஏன் என்று எனக்குத் தெரியும். பனையில் இறங்கியது ஏன் என்றும் தெரியும். அவன் ஏன் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. "சில இடங்களில்" என்பது ஒரு தாயிடம் வந்து சேரும்போது ஒரே ஓர் இடமாகிவிடுகிறது. அந்தக் கேள்வியை அம்மா கோயிலுக்குத்தான் கொண்டுபோனா, விதி என்ற சொல்லில்தான் தலை சாய்த்து ஆறினா. நடந்து முடிந்ததற்கு முன்னால் நின்று சொல்லுகிற சொல் அது. நாளைக்கு வயலுக்கு இறங்கப்போகிறவனிடம் அதைச் சொன்னால், அம்மாளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு எங்களுக்கும் தெரியும் என்று சொல்லுகிறோம். அறிக்கையில் வருகிற "சாத்தியம்" என்ற சொல்லில் அதைவிடப் பணிவு இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, தெரிந்த மட்டுக்கும் அடுத்தவன் உயிரைக் காக்கப் பார்க்கிறது அது. எனக்கு அதுவும் ஒரு பக்தி. விளக்கேற்றுகிற கையால்தான் அந்தச் செய்தியையும் அனுப்புகிறேன்.

இதையெல்லாம் பெரியவர் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னேன். மின்னலைக் கண்டதும் எண்ணுங்கோ, மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முழக்கம் காதில் விழுந்தாலே உள்ளே போக வேண்டிய தூரம்தான். கடைசி முழக்கத்துக்குப் பிறகும் அரை மணித்தியாலம் பொறுங்கோ என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. 1979இல் பனையடியில் சுற்றி நின்றவர்களில் அவரும் ஒருவர். "தொடாதேங்கோ" என்றது அவருடைய குரல். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாளும் அதைக் கதைத்ததில்லை.

பிறகு எழும்பி உள்ளே போய், ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் முன்னால் நிலத்தில் வைத்தார்.

"எப்பிடி அமத்திறது எண்டு காட்டு, பிள்ளை."

நெஞ்சின் நடுவில், ஒரு கையின்மேல் மறு கை. முழங்கை மடியக்கூடாது. இரண்டு அங்குல ஆழம். நிமிடத்துக்கு 100 தடவைக்குக் குறையாமல். நான் சத்தமாக எண்ணினேன். அவர் முழந்தாளில் இருந்து, அந்த எண்பது வயதுக் கைகளால் அமத்திக்கொண்டிருந்தார்.