"கண்முன்னால் குடிக்கட்டும்" என்கிறவர்களுக்கு

படித்த, முற்போக்கான பெற்றோர் சிலரிடம் இப்போது ஒரு வாதம் இருக்கிறது. "பையன் எப்படியும் குடிக்கத்தான் போகிறான். கண்ட இடத்தில் ஒளிந்து குடிப்பதற்கு, வீட்டிலேயே என் கண்முன்னால் ஒரு பீர் குடிக்கட்டும். அளவு பழகிவிடும்." இப்படிச் சொல்கிறவர்கள் பொறுப்பற்றவர்கள் இல்லை. பிள்ளையோடு ஒளிவுமறைவின்றி வாழ நினைப்பவர்கள். அவர்களை மதிப்பதால்தான் இந்த வாதத்தை உரசிப் பார்க்கிறேன்.

இதே சலுகை உங்கள் பதினாறு வயது மகளுக்கும் உண்டா? தயங்காமல் "உண்டு" என்று சொல்ல முடியவில்லையென்றால், உங்களுக்குள் பேசுவது அறிவு இல்லை. ஆண்பிள்ளை என்றால் எதுவும் செய்யலாம் என்ற பழைய நினைப்பு. மகளின் உடலுக்குக் கேடு செய்கிற பொருள் மகனின் உடலுக்கும் கேடுதான். மூளை முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன என்கிறது மருத்துவம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களில் புகையிலையைச் சேர்த்திருக்கும் அதே முதல் பிரிவில்தான் மதுவையும் வைத்திருக்கிறது.

சரி, வீட்டில் குடித்தால் அளவு பழகுமா? இது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,900-க்கும் அதிகமான பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோரே மது கொடுத்த பிள்ளைகளிடம் மட்டுமீறிக் குடிப்பதும் குடியால் வரும் பாதிப்புகளும் கூடுதலாக இருந்தன. வீட்டில் கிடைத்ததால் வெளியே தேடுவது குறையவில்லை; பிறரிடம் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு அதிகரித்தது. பெற்றோர் கொடுப்பதால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. இத்தகைய ஆய்வு காரணத்தை முழுமையாக நிறுவிவிடாது என்பது உண்மைதான். ஆனால் "அளவு பழகும்" என்று சொல்கிறவர்கள் பக்கம் இந்த அளவுக்குக்கூடச் சான்று கிடையாது. பிள்ளை என்ன புரிந்துகொள்கிறது என்று யோசியுங்கள். அப்பா அளவைக் கற்றுக்கொடுக்கிறார் என்றா? அப்பா அனுமதி கொடுத்துவிட்டார் என்றுதான்.

உடனே பிரான்சைக் காட்டுவார்கள். அங்கே சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கும் திராட்சை மது உண்டாமே என்பார்கள். பள்ளி உணவகத்திலேயே ஒருகாலத்தில் இருந்தது. அதைப் பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1956-இல் தடை செய்ததும், மூத்த மாணவர்களுக்கு 1981-இல் நிறுத்தியதும் அதே பிரான்சுதான். ஐஸ்லாந்தின் கதை இன்னும் தெளிவானது. 1998-இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. விளையாட்டு, இசை, மாலையில் பெற்றோர் பிள்ளையோடு செலவிட்ட நேரம், சின்ன வயதில் மது கிடையாது என்று பெற்றோர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. வீட்டில் ஊற்றிக் கொடுத்து யாரும் அதைச் சாதிக்கவில்லை.

மறுதரப்பையும் விடுவதற்கில்லை. "நம் குடும்பத்தில் அந்தப் பேச்சே கூடாது" என்று மகனை மிரட்டும் தகப்பன், இரவு ஒன்பது மணிக்கு டாஸ்மாக்கிலிருந்து குவார்ட்டரோடு வருகிறார். சாவு வீட்டிலும் கோயில் கொடையிலும் பெரியவர்கள் குடிப்பதைப் பார்த்துத்தான் நம் ஊர்ப் பையன்கள் பலர் முதல் மடக்கைக் குடிக்கிறார்கள். அந்தத் தகப்பனின் மிரட்டல் பிள்ளைக்கு ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கிறது: ஒளித்துச் செய்.

சொன்னதைத் தாமே செய்துகாட்டியவரும் உண்டு. 1921-இல் கள்ளுக்கடை மறியலின்போது பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டினார். சட்டம் போட்டு மதுவை விலக்குவதைப் பின்னாளில் அவரே எதிர்த்தார். எந்த நிலை சரி என்று விவாதிக்கலாம். முதல் நிலைக்குத் தம் சொந்தச் சொத்தையே விலையாகக் கொடுத்தார் என்பதில் விவாதமில்லை. பிள்ளையின் முன்னால் தன் குவார்ட்டரைக் கீழே வைக்க மனமில்லாதவர் அந்தப் பிள்ளைக்கு என்ன அறிவுரை சொல்ல முடியும்?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம். பெற்ற தகப்பனுக்கு அதில் விலக்கு இல்லை.

ஆகவே பிள்ளைக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஏன் கொடுக்கவில்லை என்பதை மானம், சாமி, ஊர்வாய் என்று எதையும் இழுக்காமல், உடலைப் பற்றிய உண்மையாகச் சொல்லுங்கள். நீங்கள் குடிப்பவரென்றால் அதை விடமுடியாமல் படும் பாட்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: "எங்காவது குடித்துவிட்டால் பைக்கைத் தொடாதே. எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய், நான் வந்து கூட்டிப்போகிறேன். பேச்செல்லாம் மறுநாள் காலையில்." ஒளிவுமறைவற்ற வீடு வேண்டுமென்று உண்மையாகவே நினைக்கிற பெற்றோர் இந்த வாக்கை இன்றே பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். மகளுக்கும் சேர்த்து.