கொண்டுசெல்லப்பட்டவர்கள்

போர் பற்றிய பாடம் நம் குழந்தைகளிடம் இரண்டு தலைப்புகளாக வந்து சேர்கிறது: காரணங்கள், விளைவுகள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு வசதியான பகுப்பு. ஆனால் அதற்குள் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. காரணம் என்ற பத்தியில் அரசர்கள் இருக்கிறார்கள். விளைவு என்ற பத்தியிலும் அவர்களே இருந்தால், இடையில் செத்தவர்கள் யாருடைய கதைக்காகச் செத்தார்கள்?

கலிங்கப் போரையே எடுத்துக்கொள்கிறேன். கி.மு. 261 வாக்கில் அசோகர் கலிங்கத்தின்மீது படையெடுத்தார், வென்றார், மனம் வருந்தினார், தம்மத்தின் வழியில் திரும்பினார். பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் லட்சம் உயிர் போய் ஒரு மனிதர் நல்லவரானார் என்று முடிகிற கதையைக் கேட்கும் குழந்தை, அந்த லட்சம் உயிரும் நியாயமான விலைதான் போலும் என்ற கணக்கையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. கலிங்கம் அங்கே ஒரு நாடாக இல்லை, ஓர் ஆணின் ஞானத்துக்கான படிக்கட்டாக இருக்கிறது.

அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு நம் பாடத்தைவிட நேர்மையானது. முடிசூடி எட்டு ஆண்டுகளான பின் கலிங்கம் வெல்லப்பட்டது என்று சொல்லிவிட்டு, அது எண்ணிக்கையைத் தருகிறது. ஒன்றரை லட்சம் பேர் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதைப்போலப் பல மடங்கினர் மாண்டார்கள். முதலில் வருவது கொல்லப்பட்டவர்கள் அல்ல, கொண்டுசெல்லப்பட்டவர்கள். தாம் நேரடியாகத் துன்புறாதவர்களுக்கும், அவர்கள் அன்பு வைத்த நண்பர், உறவினர் படும் துன்பம் வந்து சேர்கிறது என்றும் அது சொல்கிறது. ஏன் படையெடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடல் வணிகம், தெற்கே போகும் வழிகள், முன்பு நந்தர்களின் கீழ் இருந்த நிலம் என்று நாம் எழுதும் காரணங்கள் எல்லாம் ஆய்வாளர்களின் ஊகங்கள்.

விடுமுறை நாட்களில் எங்கள் தெருக் குழந்தைகளோடு வாசிப்பது என் வழக்கம். இந்தக் கல்வெட்டின் செய்தியை எளிய தமிழில் வாசித்தபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அவங்களை எங்கக்கா கூட்டிட்டுப் போனாங்க? திரும்பி வந்தாங்களா?”

இவ்வளவு ஆண்டுப் படிப்பில் எந்தத் தேர்வுத்தாளும் என்னைக் கேட்காத கேள்வி. வேற்று நாட்டு மக்களைக் கொண்டுவந்து புது நிலத்தில் குடியேற்றுவதை அர்த்தசாஸ்திரம் ஓர் அரசியல் உத்தியாகவே பேசுகிறது. கலிங்கத்தாருக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கல்வெட்டு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் காடு திருத்தி ஊர் உண்டாக்க உழுகிறவர்கள் மட்டும் போதாது. தண்ணீர் சுமக்கவும் சமைக்கவும் பெற்று வளர்க்கவும் ஆள் வேண்டும்.

அசோகரின் வருத்தத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் குழந்தைகளுக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும் என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். எடுக்க வேண்டாம். வென்ற அரசன் வெற்றியைத் துயரம் என்று கல்லில் எழுதியது உலக வரலாற்றில் அரிது. அது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும். அதன் எல்லையும் தெரிய வேண்டும். அந்தக் கல்வெட்டு கலிங்கத்தில் பொறிக்கப்படவில்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதை விட்டுவிட்டு, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்லும் தனி ஆணைகளைப் பொறித்தார்கள். வருத்தம் தெரிவிக்கப்பட்டது, வருத்தத்துக்கு ஆளானவர்களிடம் அல்ல. கலிங்கமும் திருப்பித் தரப்படவில்லை.

இதுவரை பேசியது யாரோ ஒரு வடநாட்டு அரசரைப் பற்றி. நமக்கும் ஒரு கலிங்கப் போர் உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1110ஐ ஒட்டி, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப் படை கலிங்கத்தை அழித்தது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி அதன் இலக்கியம். அது சொல்லும் காரணம் நேரடியானது: கலிங்க மன்னன் திறை கட்டவில்லை. அந்த மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன், சோழர் குலத்திலிருந்து மணம் முடித்து அனுப்பப்பட்ட ராஜசுந்தரியின் மகன். சமாதானத்துக்கும் ஒரு பெண்ணைத்தான் அனுப்பினார்கள். அவள் மகன் நாட்டின்மேல்தான் படையும் போனது.

பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியை ஆண்டுதோறும் கல்லூரியில் நடத்துகிறேன். பாட்டின் ஓசையில் வகுப்பே அதிரும். எனக்கும் அந்த ஓசை பிடிக்கும். ஒரே பிள்ளை, வரலாற்று வகுப்பில் கலிங்கத்துக்காக வருந்திவிட்டு, அடுத்த மணியில் தமிழ் வகுப்பில் அதே கலிங்கத்தின் அழிவுக்குப் பெருமைப்படுகிறாள். யார் வென்றார் என்பதைப் பொறுத்து அறம் மாறும் என்று நாம் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். கால அட்டவணையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

பரணியில் ‘கடை திறப்பு’ என்று ஒரு பகுதி உண்டு. பெண்களைக் கதவு திறக்கச் சொல்லி அழைப்பது. ஊடல், சிருங்காரம் என்று குறிப்பு எழுதிக் கடந்துபோவதே வழக்கம். அழைக்கப்படுகிறவர்களில் மலைநாட்டிலிருந்தும் துளுநாட்டிலிருந்தும் திறையாக வந்த பெண்கள் இருக்கிறார்கள். பாண்டியர் காட்டுக்கு ஓட, வேளத்துக்குள் கொண்டுவரப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். வேளம் என்பது அரண்மனைப் பணிப்பெண்களின் குடியிருப்பு. சோழர் கல்வெட்டுகளிலும் அது வருகிறது. போர்களின் விளைவு அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. நாம் அதை அழகு என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் குழந்தைகளிடம் சொல்லலாமா என்ற தயக்கம் நியாயமானது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வேளத்தில் நடந்தவற்றை விவரிக்க வேண்டியதில்லை. தங்களைக் கேட்காமல் கொண்டுவரப்பட்டார்கள், வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை என்ற அளவு போதும். அதைப் புரிந்துகொள்ள அந்த வயது போதும். கொடுமையின் விவரத்தைக் குறைப்பது பிள்ளையைக் காப்பது. கொடுமைக்கு வெற்றி என்று பெயர் வைப்பது வேறு, அது வென்றவரைக் காப்பது. நாம் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

தமிழ்ப் பிள்ளைகள் பரணிக்காக வெட்கப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது நூற்றாண்டுக்கு முந்தைய படைக்கு அவர்கள் பொறுப்பல்ல. அதை இன்று எப்படிப் படிக்கிறோம் என்பதற்கு நாம் பொறுப்பு. ‘கலிங்கப் போரின் விளைவுகள் யாவை?’ என்ற வினா இனியும் கேட்கப்படும். அதில் ‘யாருக்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாம். விடை எழுத ஐந்து மதிப்பெண்ணுக்கான இடம் போதாமல் போகும்.